ஆட மறந்த தண்ணீர்

தனுஷ்கோடி போய்த் திரும்பும் எந்தக் காரையும் பாருங்கள், முன்கண்ணாடி மங்கிப்போய்த்தான் இருக்கும். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் அரிச்சல்முனை வரை ஒரு பக்கம் பெண் கடல் எனப்படும் வங்கக் கடல், மறுபக்கம் ஆண் கடல் எனப்படும் இந்தியப் பெருங்கடல். கண்ணாடியில் உப்பு அப்புவதில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

போன வருடம் என் காரில் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் நாசில் இரண்டில் ஒன்று மக்கர் செய்தது. விசிறிபோல் அடிக்க வேண்டியது, ஒரே கோடாக ஓரத்தில் பீய்ச்சியது. அடைப்பு என்று நினைத்து ஊசியால் குத்திப் பார்த்தேன். பலனில்லை. மண்டபத்தில் மெக்கானிக் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, "போர் தண்ணிய ஊத்துனீங்களாண்ணே? உள்ள பூத்துக் கெடக்கு" என்றார்.

"தண்ணி வருதேப்பா?"

"வருது. ஆட மாட்டேங்குது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்த விசிறி உண்மையில் விசிறியே அல்ல. ஒற்றைத் தாரைதான், கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் இடமும் வலமும் ஆடுகிறது. (எல்லா வண்டியிலும் இது இருக்காது, வெறும் ஓட்டை வைத்த நாசில்களும் உண்டு.) ஆட்டுவது மோட்டாரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. உள்ளே விரல்நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சில்லு, அதில் செதுக்கிய பள்ளம், அவ்வளவுதான். பாய்ம அலையியற்றி என்று பெயர். பாய்மம் என்றால் தண்ணீர், காற்று போலப் பாய்ந்து ஓடுவது; அலையியற்றி என்றால் ஆட்டத்தை உண்டாக்குவது. 1960 வாக்கில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில், அசையும் பாகமே இல்லாமல் பாய்மத்தைக் கொண்டே பாய்மத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நடந்தன. அந்த வம்சத்தில் வந்தது இது.

பள்ளத்தின் நடுவே ஒரு சிறிய அறை. குறுகிய வாய் வழியாகத் தண்ணீர் அதற்குள் பாய்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி ஒன்று விரைந்து போனால் ஓரத்து மணலும் கூடவே இழுபடுமே, அதுபோல வேகமான தாரை பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஓடும். சுவர்ப் பக்கம் இழுபட்டதை ஈடுகட்ட வேறு தண்ணீர் வந்து சேர வழியில்லை. அங்கே அழுத்தம் குறைந்து, தாரை சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் இதைக் கோவாண்டா விளைவு என்கிறார்கள்.

இத்தோடு நின்றால் தாரை ஒரு பக்கமாகவே கிடக்கும். ஆனால் அறையின் இரு பக்கமும், வெளிவாய் அருகே தொடங்கி உள்வாய்க்கே திரும்பும் இரண்டு சின்ன வாய்க்கால்கள் உண்டு. ஒட்டிய பக்கத்து வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் புகுந்து திரும்பி வந்து, தாரைக்கும் சுவருக்கும் நடுவே சுழலாகச் சேர்கிறது. சுழல் பருத்துத் தாரையை எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிடுகிறது. அங்கேயும் அதே கதை. பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தைத் திருப்பப் பருவக்காற்று வேண்டும்; இங்கே தாரை தன்னைத் தானே திருப்பிக்கொள்கிறது.

ஆகவே பள்ளத்தின் வடிவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அறை மிகக் குறுகலானால் சுழலுக்குப் பருக்க இடமில்லை, ஆட்டமும் இல்லை. வெளிவாய் மிக அகன்றால் எல்லாத் தண்ணீரும் நேரே போய்விடும், வாய்க்காலுக்குத் திரும்ப எதுவும் மிஞ்சாது. வெளி உதடுகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து விசிறியின் அகலம் மாறும். பள்ளத்தின் ஆழம் போதாவிட்டால் தரையும் கூரையும் உரசி ஆட்டத்தை அமுக்கிவிடும். வாய்க்காலை நீட்டினால் ஆட்டம் மெதுவாகும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த வகைச் சில்லில் வாய்க்காலின் நீளத்தைவிட, சுழல் நிரம்ப ஆகும் நேரத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

ஆட்டத்தின் வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தண்ணீரின் வேகம் இரட்டித்தால் ஆட்டமும் ஏறக்குறைய இரட்டிக்கும். வேகத்தை மாற்றாமல் அதே வடிவத்தை இருமடங்கு பெரிதாகச் செய்தால் ஆட்டம் பாதியாகும்.

காற்றுக்கும் இதே வித்தைதான். 2015-ல் நாசாவும் போயிங்கும் ஒரு 757 விமானத்தின் செங்குத்து வாலில் இப்படி 31 கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டன. ஆடும் காற்றுத்தாரை, வாலில் விமானத்தைத் திருப்ப அசையும் சுக்கானின் பரப்பைவிட்டுப் பிரிய இருக்கும் காற்றோட்டத்தைப் பிடித்து ஒட்டவைக்கிறது. சுக்கானின் வலு கூடுவதால் வாலையே சிறிதாக்கலாம் என்பது எண்ணம்.

என் நாசிலில் பூத்திருந்தது கடல் உப்பு அல்ல. கடல் உப்பாக இருந்திருந்தால் தண்ணீரிலேயே கரைந்திருக்கும். இது போர் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. ஒரு பக்க வாய்க்காலின் வாயை மூடிவிட்டது. திரும்பும் தண்ணீர் நின்றதும் தாரை அந்தப் பக்கமே ஒட்டிக் கிடந்தது. தம்பி சில்லை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்துத் தந்தார். இப்போது ஆடுகிறது. ஆனால் இடது பக்கம் வீச்சு கொஞ்சம் குறைவு. வெளிவாயின் உதட்டில் ஒரு கீறல் இருக்கிறது. அது என் ஊசி போட்டது.