குருத்தெலும்பு: 'ஜவ்வு' என்று சொல்லிவிட முடியாதது

முழங்கால் வலிக்கிறது என்றால் 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்கிறார்கள். விளையாடும்போது கால் பிசகியவருக்கு 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்கிறார்கள். முன்னது எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலம். பின்னது எலும்போடு எலும்பைக் கட்டும் நாராகவோ, இடையில் பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸாகவோ இருக்கும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒரே சொல்லைப் போட்டு மூடினால் குழம்புவது நோயாளிதான்.

தேய்கிற அந்தப் படலம் கார்ட்டிலேஜ். 'கார்ட்டிலாகோ' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் செல்லைக் காண்ட்ரோசைட் என்பது கிரேக்க 'கோண்ட்ரோஸ்' வழி. அச்சொல்லுக்குத் தானியக் குருணை என்றும் பொருள் உண்டு.

தமிழில் குருத்தெலும்பு. வாழைக்குருத்து, பனங்குருத்து என்கிறோமே, அதே குருத்து: முதிராத இளம்பகுதி. கருவில் பெரும்பாலான எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பிறகே எலும்பாகின்றன என்பதால் பெயர் அழகாகப் பொருந்துகிறது. மூட்டில் இருப்பதோ நலமாக உள்ளவரை குருத்தாகவே நிற்கும். இலங்கைத் தமிழில் இது கசியிழையம். எலும்பு என்ற மயக்கம் தராததால் அறிவியலுக்கு அதுவே நெருக்கம் என்பேன். ஆயினும் தமிழ்நாட்டில் சட்டென்று புரிவது குருத்தெலும்புதான்.

இதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் பெரும்பங்கு நீர். எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது, எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொண்டு ஊகிக்கலாம், அவ்வளவே. மீயொலி ஸ்கேனிலோ இரண்டு வெண்கோடுகளுக்கு நடுவே கரும்பட்டையாகத் தெரிகிறது. முழங்காலை நன்றாக மடக்கி, சில்லுக்குச் சற்று மேலே கருவியைக் குறுக்காக வைத்து, கோட்டுக்குக் கோடு அளப்பார்கள். நலமான பெரியவர்களிடம் அது பெரும்பாலும் 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இடத்துக்கு இடம் மாறும். சராசரியில் ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல். நலமானவர்களின் அளவு கையில் இல்லாமல் ஒருவருக்குத் 'தேய்ந்தது' என்று எதை வைத்துச் சொல்வது? அளவு இவ்வளவு சிறியது என்பதால் கருவி சாய்ந்தாலே கணக்குத் தவறும். ஓடி முடித்த உடனே அளந்தால், அழுந்திய குருத்தெலும்பு மெலிந்து காட்டும். சற்று நேரம் ஓய்வெடுத்த பிறகு அளப்பதே முறை.

இந்த ஸ்கேனில் கிடைப்பது தொடை எலும்பின் கீழ்முனையில் முன்பக்கம் மட்டுமே. சில்லின் உட்புறமும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் பெரும்பகுதியும் எலும்பின் மறைவில் போய்விடும். ஆகவே அறிக்கையில் 'முழங்கால் ஜவ்வின் அளவு' என்று எழுதாமல் 'தொடை எலும்பு முனையின் குருத்தெலும்புத் தடிமன்' என்று எழுதுவதே சரி.