பொது இசைவு: ‘கன்சென்சஸ்’ – சொல் விளக்கம்

‘கன்சென்சஸ்’ என்பது உடன் என்னும் பொருளுடைய முன்னொட்டும் உணர்தல் என்னும் பொருளுடைய வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லாகும். சம்மதத்தைக் குறிக்கும் ‘கன்சென்ட்’ என்பதும் அதே வேரில் பிறந்தது. ஆணையிடும் மேலிடம் இல்லாத குழுவினர், வாக்கெடுப்புக்குப் போகாமல் கலந்து பேசி எட்டும் முடிவைக் ‘கன்சென்சஸ்’ குறிக்கிறது.

நாளேடுகள் இதை ‘ஒருமித்த கருத்து’ என்றே எழுதுகின்றன. அது பொருந்தவில்லை என்பது என் துணிபு. எல்லாரும் ஒன்றையே நினைப்பது ஏகமனது. இங்கே கருத்து வேறுபாடு நீடித்தபடியே முடிவு பிறக்கிறது.

செட்டிநாட்டில் பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் தனித்தனிப் புள்ளிகளுக்கு, அதாவது மணமான குடும்பங்களுக்கு, உரியவை. வளவும் முகப்பும் பொதுவானவை. ஒருவர் காரைக்குடியிலும் ஒருவர் சென்னையிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருக்க, மழைக்கு முன் ஓடு மாற்றும் பேச்சு, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லாரும் கூடும்போதுதான் எழும். முழுக்க மாற்ற வேண்டும் என்பார் மூத்தவர். ஒழுகும் பக்கம் மட்டும் போதும் என்பார் இளையவர். செலவை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு கனிந்தபின், “எனக்கு மனசில்லேண்ணே, ஆனா நீங்க செய்யுங்க, நான் குறுக்க நிக்கலே” என்கிறார் அந்த இளையவர். அவர் கருத்து மாறவில்லை. ஆனாலும் அவர் இசைந்துவிட்டார்.

ஆகவே ‘பொது இசைவு’ என்பதே தக்க சொல். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். ஒலித்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் குழுவில் முறையான உறுப்பினர் பட்டியலே கிடையாது. அங்கே கூட்டத்தின் போக்கை அறியக் கையைத் தூக்கச் சொல்லாமல் வாயை மூடி முனகச் சொல்வதுண்டு என்பதை அறிந்தபோது இச்சொல் எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. அரசர்களும் தலைவர்களும் வாக்கெடுப்பும் வேண்டாம், தோராயமான இசைவும் இயங்கும் கணினி நிரலும் போதும் என்று 1992இல் இணைய வடிவமைப்பு முன்னோடி டேவிட் கிளார்க் சொன்னதே அக்குழுவின் கொள்கையாக நிலைத்தது. எதிர்ப்பு எழுந்தால் அதன்படி நடந்தே தீர வேண்டும் என்பதில்லை, ஆனால் அதை ஆராய்ந்து விடை சொல்லியாக வேண்டும் என்று 2014இல் வெளியான அவர்களது ஆவணம் தெளிவுபடுத்துகிறது. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்ற கணக்குக்கு அங்கே இரண்டாம் இடமே.

ரங்கூனில் லேவாதேவி நடத்திய நகரத்தார் எனும் செட்டிநாட்டு வணிகர்களின் கடைகளும் தனித்தனி முதலாளிகளுக்கு உரியவையே. ஆயினும் அவர்கள் மாதந்தோறும் முகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி, அப்போதைக்குரிய வட்டி விகிதமான ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்தார்கள், ஒருவர்மீது ஒருவருக்கிருந்த நம்பிக்கையே அதற்கு வலுவூட்டியது.

பேசாமலிருப்பதை இசைவாகக் கொள்ளலாகாது. கோலாலம்பூர்ப் பங்காளிக்குச் செய்தியே போகாமல் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டு, “எல்லாரும் இசைந்தார்கள்” என்று எழுதுவது இச்சொல்லுக்குச் செய்யும் அநீதி. கேட்டு, விடை பெற்று, மறுப்புக்கு மறுமொழி சொன்ன பிறகே ‘பொது இசைவு எட்டப்பட்டது’ என்று எழுத வேண்டும். அதுவரை ‘பெரும்பான்மையோர் விருப்பம்’ என்று எழுதுவதே நேர்மை.