ஸ்கேனில் தெரியாத அடி

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான். கணவன் மனைவியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். மறுநாள் அவள் கொழுந்தெடுக்கப் போகிறாள். வெயிலில் கண் கூசுகிறது. எடைச் சீட்டை எங்கே வைத்தோம் என்பது நினைவில்லை. "தூக்கம் பத்தலைக்கா" என்கிறாள். அவளுக்கு மறதிக்காரி என்று பெயர் விழுந்துவிடுகிறது.

தயிர்ச் சட்டியை வெடுக்கென்று திருப்பினால் தயிர் சட்டியோடு சேர்ந்து திரும்பாது. பின்தங்கி, சட்டி நின்ற பிறகும் அசையும். மண்டை ஓட்டுக்குள் மூளையும் அப்படித்தான். அந்த அசைவில் நரம்பிழைகள் இழுபடுகின்றன, சில அறுகின்றன. சாதாரண சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். நுண்ணிய இழைகளின் சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள்.

கழுத்தை நெரிப்பது இன்னும் கொடியது. மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் சில நொடிகளிலேயே நினைவு தப்பும். கழுத்தில் தடம்கூட இல்லாமல் போகலாம்.

குத்துச்சண்டை வீரர்களின் மூளைப் பாதிப்பைப் பற்றி ஹாரிசன் மார்ட்லாண்ட் எழுதியது 1928இல். வீட்டில் அடிபடும் பெண்களிடம் ஆய்வு வந்து சேர எத்தனை காலம்! அமெரிக்க ஆய்வாளர் ஈவ் வலேரா 2003இல் வெளியிட்ட ஆய்வில், துணைவரால் தாக்கப்பட்ட 99 பெண்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஒருமுறையாவது மூளைக் காயம் ஏற்பட்டிருந்தது. பாதிப் பேருக்குப் பலமுறை. மயங்கி விழுந்தீர்களா, தலை சுற்றியதா, நடந்ததில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டால்தான் இது வெளிவரும். "அடித்தாரா?" என்ற கேள்வியோடு நிறுத்தினால் வராது.

விளையாட்டு வீரருக்குத் தலையில் அடிபட்டால் மைதானத்திலிருந்து வெளியே அழைத்துவிடுகிறார்கள். முதல் காயம் ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி கூடுதல் ஆபத்து என்பதே காரணம். இந்தப் பெண்ணோ அன்று மாலை அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

என் மனம் ஆறாத இடம் போலீஸ் நிலையம். புகார் சொல்லும்போது அவளுக்குத் தேதி மாறுகிறது, நடந்தவற்றின் வரிசை குழம்புகிறது. பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தக் குழப்பமே காயத்தின் அறிகுறியாக இருக்கலாம். அதனால் மயக்கம், வாந்தி, கழுத்து நெரிப்பு மூன்றையும் ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணோ அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால், மருத்துவமனை சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பெண்களுக்கான உதவி எண், தமிழ்நாடு-கேரள எல்லையான போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 181.