படக் கோப்பு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஐபோனில் எடுத்த படத்தை ஓர் இணையப் படிவத்தில் ஏற்றினால், "ஜேபெக் மட்டுமே ஏற்கப்படும்" என்று சில சமயம் மறுத்துவிடும். 2017 முதல் ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவத்தில் படங்களைச் சேமிப்பதால் வரும் சிக்கல் இது. உடனே பலர் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு, ஜேபெக்கைக் குறிக்கும் ஜேபிஜி என்று போட்டுப் பார்ப்பார்கள். பெயர் என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு. சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறாது.

தான் எந்த வகை என்பதைக் கோப்பு தன் முதல் சில பைட்டுகளிலேயே சொல்லிவிடும். ஜேபெக் என்றால் முதல் இரண்டு பைட்டுகள் 255, 216. பிஎன்ஜி என்ற இன்னொரு பட வடிவம் 137இல் தொடங்கும். அடுத்து வரும் 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள். நல்ல மென்பொருள் இவற்றைப் பார்த்துத்தான் கோப்பை நம்பும்.

சரி, உண்மையான மாற்றம் எப்படி நடக்கிறது? பழைய கோப்பை முழுக்கப் பிரித்துப் பிக்சல்களாக, அதாவது படத்தின் நிறப் புள்ளிகளாக, விரிக்க வேண்டும். அப்புறம் புதிய வடிவத்தின் விதிப்படி மறுபடி சுருக்க வேண்டும். 4000க்கு 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வைத்தால் 36 எம்பி. கோப்பு 3 எம்பியாக இருந்தாலும், நினைவகத்தில் படம் இந்தப் பருமனுக்கு விரிந்துவிடும். எந்த வடிவத்திலிருந்து எதற்குப் போனாலும் வழி இதுதான். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் 200க்கும் மேற்பட்ட வடிவங்களைச் சமாளிப்பதும் இதனால்தான். ஒவ்வொரு வடிவத்தையும் பிரிக்கவும் கட்டவும் தெரிந்தால் போதும், ஜோடி ஜோடியாக வழி தேட வேண்டியதில்லை.

மறுபடி சுருக்கும்போதுதான் படத்தின் தரம் தீர்மானமாகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தில் இருக்கும் 64 எண்களும் கணக்கு வழியாக வேறு 64 எண்களாகின்றன. அவற்றில் முதலாவது எண், அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைக் காட்டும். கடைசியில் வருபவை இழை இழையான நுண்விவரங்கள். அடுத்து ஒவ்வோர் எண்ணையும் ஓர் அட்டவணை எண்ணால் வகுத்து, பின்னத்தை முழு எண்ணாக்குவார்கள். வெளிச்சத்துக்கான வழக்கமான மாதிரி அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. முதல் இடத்தில் 805 இருந்தால் 16ஆல் வகுத்து 50 என்று எழுதப்படும். திரும்பப் பெருக்கினால் 800 வரும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். கடைசி இடத்தில் 40 இருந்தாலோ, 99ஆல் வகுக்கும்போது பூஜ்யமாகிவிடும். அந்த நுண்விவரம் போனது போனதுதான். இப்படிச் சேரும் பூஜ்யங்களால்தான் கோப்பு சிறுக்கிறது. சேமிக்கும்போது நாம் நகர்த்தும் 'தரம்' என்ற அளவுகோல், இந்த அட்டவணை எண்களைத்தான் கூட்டிக் குறைக்கிறது.

பிஎன்ஜி ஒரு பிக்சலைக்கூட விடாது. பக்கத்துப் பிக்சலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, திரும்பத் திரும்ப வரும் தொடர்களைச் சுருக்கும். அதனால் திரைப்பிடிப்பு, எழுத்து, வரைபடம் எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. ஆனால் ஜேபெக் புகைப்படத்தை பிஎன்ஜி ஆக்கினால் "தரம் கூடும்" என்று நினைப்பது வீண். பூஜ்யமானது திரும்பாது, கோப்புதான் பல மடங்கு வீங்கும்.

மாற்றத் தொடங்கும்போது அசல் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். ஏற்கெனவே மாற்றிய பிரதியிலிருந்து மறுபடி மாற்ற வேண்டாம். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, பெயரின் கடைசியில் எந்த வடிவத்தைத் தட்டுகிறீர்களோ அதற்கு மாற்றித் தரும். ஒரு கோப்புறை நிறையப் படங்கள் இருந்தால் இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் வடிவத்தை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கச் சொன்னால், அது அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். முதலில் பிரதி எடுத்துக்கொள்வது கட்டாயம்.

பின்னணி இல்லாத சின்னங்களை ஜேபெக் ஆக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜேபெக்கில் ஊடுருவித் தெரியும் பகுதிக்கு இடமே கிடையாது. பின்னணி வெள்ளையா வேறு நிறமா என்று நாமே சொல்லாவிட்டால், சில மென்பொருள்கள் கறுப்பை நிரப்பிவிடும்.

ஜேபெக் படத்தைத் திருப்ப மட்டும் வேண்டுமென்றால், பிரித்துக் கட்டும் வேலையே தேவையில்லை. ஜேபெக்ட்ரான் என்ற சிறிய இலவசக் கருவி பிக்சல் வரை போகாமல், வகுத்து வைத்த அந்த எண்களையே இடம் மாற்றி அடுக்குகிறது. படத்தின் நீள அகலம் கட்டங்களுக்குள் மிச்சமில்லாமல் அடங்கினால், எத்தனை முறை திருப்பினாலும் தரம் துளியும் குறையாது.