பாகில் விழும் எலுமிச்சைச் சொட்டு

திருவல்லிக்கேணியில் அத்தை குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சினால், இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எலுமிச்சை பிழிவார். நாலே சொட்டு. "இல்லன்னா நாளைக்குச் சர்க்கரை பூத்துடும்டா" என்பார். புளிப்பு பட்டதும் சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையும். அவை குறுக்கே நிற்பதால் படிகம் கூடிவர முடியாது.

பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையை வைத்து எல்இடி விளக்கு செய்பவர்களுக்கும் இதே பாகுப் பக்குவம்தான் பாடு. ஈய உப்புகளின் கரைசலைச் சுழலும் கண்ணாடிமேல் சொட்டினால், உலர்ந்து மெல்லிய படிகப் படலமாகும். அதில் புரோமைடு இருந்தால் பச்சை ஒளி, அயோடைடு என்றால் சிவப்பு அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

ஆனால் படிகம் அவசரமாக உறைகிறது. படிக மணிகளின் ஓரங்களில் சில ஈய அயனிகள் ஜோடி கிடைக்காமல் நின்றுவிடும். எலக்ட்ரானும், எலக்ட்ரான் இல்லாத காலியிடமான மின்துளையும் சேர்ந்தால் ஒளி பிறக்க வேண்டும். எலிப்பொறிபோன்ற இந்த ஓரங்களில் சிக்கியவையோ வெறும் சூடாகத் தீர்ந்துபோகின்றன. 2014-இல் கேம்பிரிட்ஜில் அறை வெப்பநிலையில் முதன்முதலாகப் பளிச்சென்று எரிந்தவற்றில், உள்ளே போன நூறு எலக்ட்ரானுக்கு ஒரு ஒளித்துகள்கூட வெளியே வரவில்லை.

இங்கேதான் அத்தையின் எலுமிச்சைபோல ஒரு சேர்மானம். அமீன், பாஸ்பீன் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகளில் நைட்ரஜனோ ஆக்சிஜனோ உபரியாக ஒரு ஜோடி எலக்ட்ரான் வைத்திருக்கும். அதைத் தனித்து நிற்கும் ஈயத்துக்குக் கொடுத்து ஒட்டிக்கொண்டால், பொறி அடைபடும். 2018-இல் சீனாவின் நான்ஜிங் குழு ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்து, அகச்சிவப்பு எல்இடியில் அதே எலக்ட்ரான்-ஒளித்துகள் கணக்கில் 20.7 சதவீதத்தைத் தொட்டது.

எனக்குப் பிடித்தது அதில் கிடைத்த கொசுறு. மெரினா நீச்சல் குளத்தில் முங்கி, சாய்வாக மேலே பாருங்கள்: நீர்ப்பரப்பு கண்ணாடிபோல உள்ளிருப்பதையே காட்டும். பெரோவ்ஸ்கைட்டின் ஒளிவிலகல் எண் நீரைவிட மிக அதிகம். பிறந்த ஒளியில் பெரும்பங்கு இப்படித்தான் உள்ளேயே திரும்பும். அந்த அமினோ அமிலம் படலத்தைத் தொடர்ச்சியாகப் பரவவிடாமல், மைக்ரானுக்கும் சிறிய தட்டுகளாகத் தனித்தனியே வளரச் செய்தது. சமதளம் உடைந்ததால் மாட்டிக்கொண்ட ஒளிக்கும் வழி கிடைத்தது.

அளவு மிஞ்சினால் வினை. இந்தச் சேர்மானங்கள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாதவை. கூடிப்போனால் மின்னோட்டத்தையே மறிக்கும். ஈரக்காற்றும் ஆகாது, சென்னைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். அதனால் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை மாட்டிக்கொண்டுதான் வேலை. இன்னும் பிடிபடாதது ஆயுள்: மின்சாரம் பாய்ந்தால் புரோமைடு, அயோடைடு போன்ற ஹாலைடு அயனிகள் இடம்விட்டு நகர்ந்து புதுப் பொறிகளை உண்டாக்குகின்றன. அவற்றையும் கட்டிப்போடும் மூலக்கூறைத்தான் இப்போது தேடுகிறார்கள்.