பழி நாக்கின் மேல், வேலை மூளையில்

அயல்மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: எழுத்துத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர்கள், பேச்சுத் தேர்வில் தேர்வாளரின் எதிரே உட்கார்ந்ததும் ஏன் திணறுகிறார்கள்? மாதிரி விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால் சரியாகிவிடுமா? முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிடும்.

‘நாக்கு புரளவில்லை’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். தாய்மொழியில் மூச்சுவிடாமல் பேசும் அதே நாக்குதான் தேர்வு அறைக்கும் வருகிறது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். தடை அதற்கு முந்தைய கட்டத்தில் ஏற்படுகிறது. நெதர்லாந்தின் உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989 இல் முன்வைத்த மாதிரியின்படி, பேச்சு மூன்று கட்டங்களில் உருவாகிறது: எதைச் சொல்வது என்று முடிவு செய்தல், அதற்குரிய சொற்களை எடுத்து இலக்கணப்படி கோத்தல், பிறகு ஒலித்தல். இவற்றோடு, தன் பேச்சைத் தானே கேட்டுத் திருத்தும் கண்காணிப்பும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்கு அலுக்காத வியப்பு, இந்தக் கட்டங்களின் வேகம். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 600 மில்லிவிநாடி ஆகிறது. இயல்பான பேச்சிலோ விநாடிக்கு 2 அல்லது 3 சொற்கள் வெளிவருகின்றன. ஒரு சொல்லை முழுவதும் தயாரித்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவோம் என்றால் விநாடிக்கு இரண்டு சொல்கூடத் தேறாது. ஆகவே, ஒரு சொல் வாயில் இருக்கும்போதே அடுத்த சொல்லுக்கு விகுதி சேர்ந்துகொண்டிருக்கிறது, அதற்கடுத்த சொல் தேடப்பட்டுக்கொண்டிருக்கிறது, வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதும் முடிவாகிக்கொண்டிருக்கிறது. தாய்மொழியில் கோக்கும் வேலை தானாகவே நடந்துவிடுவதால், நம் கவனம் முழுவதும் கருத்தின் மேல் நிற்க முடிகிறது.

அயல்மொழியில் அந்த இரண்டாம் கட்டம் தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் கவனத்தைக் கேட்கிறது. ஒரு சிறு உதாரணம். ‘நான் நேற்று மாலை, மழை விட்ட பிறகு, தம்பியோடு ஆற்றங்கரைக்கு...’ என்று தமிழில் வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போகலாம். வினைச்சொல் கடைசியில் வருவதால் அதற்குள் யோசித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று வாய் திறந்த மறுகணமே ‘கோ’வா ‘வென்ட்’டா என்று காலத்தை முடிவு செய்தாக வேண்டும். எழுதும்போது நின்று யோசிக்கலாம், அடித்து எழுதலாம். பேசும்போது அந்த இடத்தில் மௌனம் விழுகிறது. தாய்மொழியில் பேசுபவர் பெரும்பாலும் ஒரு கருத்து முடியும் இடத்தில் நிறுத்தி அடுத்ததை யோசிக்கிறார். கற்பவரோ வாக்கியத்தின் நடுவில், சொல்லைத் தேடி நிற்கிறார். தேர்வுப் பதற்றமும் சேர்ந்துகொண்டால், இருக்கும் கொஞ்சக் கவனத்தையும் அது தின்றுவிடுகிறது.

மாதிரி விடையை ஒப்பிக்கும் மாணவருக்கு இந்தக் கோக்கும் வேலையே இல்லை. ஏற்கெனவே கோத்து வைத்த சரத்தை அப்படியே இழுக்கிறார். தேர்வாளர் ‘ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?’ என்று ஒரு துணைக்கேள்வி கேட்டதும் சரம் அறுந்துபோகிறது. எந்த உழைப்பைத் தேர்வு அளக்கிறதோ, பயிற்சியில் அந்த உழைப்பு நடந்திருக்க வேண்டும். ‘இதை இப்படிப் பார்க்கலாம்’ என்பது போன்ற சிறு தொடர்களை மனப்பாடமாக வைத்திருப்பதில் தவறில்லை. அவை யோசிக்க நேரம் வாங்கித் தருகின்றன. முழு விடையை மனப்பாடம் செய்வதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

அதற்கு மாற்றாக எளிய பயிற்சி ஒன்று உண்டு. மொழி கற்பித்தல் துறையைச் சேர்ந்த கீத் மாரிஸ் 1983 இல் விவரித்து, அதே துறையின் பால் நேஷன் 1989 இல் ஆராய்ந்த முறை அது. மாணவர் ஒரு பொருளைப் பற்றி ஒருவரிடம் 4 நிமிடம் பேச வேண்டும். அதையே வேறொருவரிடம் 3 நிமிடத்தில், பிறகு மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ‘லாஸ்ட் இயர்... ஐ கோ... ம்... வென்ட் டு...’ என்று தவழும் வாக்கியம், மூன்றாம் சுற்றில் ஒரே மூச்சில் வந்துவிடுவதைக் கண்கூடாகக் காணலாம். எதைச் சொல்வது என்பது முதல் சுற்றிலேயே முடிவாகிவிடுவதால், மிச்சமாகும் கவனம் முழுவதும் கோக்கும் வேலைக்குப் போகிறது. இந்தப் பலன் அந்த ஒரு பொருளோடு நின்றுவிடுமோ என்ற ஐயம் நியாயமானதே. ஆய்வாளர்கள் நெல் டி யோங், சார்லஸ் பெர்ஃபெட்டி இருவரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிய குழு புதிய பொருளிலும் அந்தச் சரளத்தைத் தக்கவைத்தது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பொருளில் பேசிய குழுவால் அது முடியவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. நேரம் குறையக் குறைய மாணவர்கள் தம் பிழைகளையும் அப்படியே திரும்பச் சொல்கிறார்கள் என்று ஃப்ராங்க் போயர்ஸ் என்ற ஆய்வாளர் 2014 இல் காட்டினார். எனவே முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில் ஓரிரு பிழைகளை மட்டும் ஆசிரியர் சுட்டிக்காட்டுவது நல்லது. பத்துப் பிழைகளை அடுக்கினால் கண்காணிப்பு விழித்துக்கொண்டு பேச்சை முடக்கிவிடும். இவை எல்லாவற்றுக்கும் தேவை ஒரு கடிகாரமும் கேட்க ஆளும்தான். விலையுயர்ந்த மொழிக்கூடங்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை வகுப்பின் அளவைக் குறைக்கச் செலவிட்டால், கேட்கும் காதுகள் கூடும் என்பது என் கருத்து.

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வுகளில், 2 நிமிடம் வரை பேசுவதற்கு முன் குறிப்பெடுக்க 1 நிமிடம் தருகிறார்கள். பல மாணவர்கள் அந்த நிமிடத்தில் முதல் வாக்கியத்தை அழகாக எழுதி முடித்துவிட்டு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் என்பவற்றுக்கு ஒவ்வொரு சொல்லும், தடுமாறக்கூடிய வினைச்சொற்களை உரிய காலத்திலும் தாளில் குறித்துவைத்தால், ‘ஐ’ என்று தொடங்கியதும் ‘வென்ட்’ கண்ணெதிரே இருக்கும்.