செசில் கரையில் கற்களைத் தரம் பிரிப்பது யார்?

கூழாங்கல் என்றதும் நமக்கு ஆறுதான் நினைவுக்கு வரும். நம் கடற்கரைகளில் பெரும்பாலும் மணல். அதில் நடந்து பழகிய கால்களுக்கு, கற்களால் மட்டுமே ஆன ஒரு நெடுங்கரையைக் கற்பனை செய்வதே கடினம். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. வெஸ்ட் பே என்ற ஊரில் தொடங்கிப் போர்ட்லண்ட் தீவு வரை சுமார் 29 கிலோமீட்டர் நீளும் செசில் கரை அது. அதன் நடுப்பகுதியில் கரைமேட்டுக்குப் பின்னால் ஃப்ளீட் என்னும் காயல் கிடக்கிறது. ஒருபக்கம் அட்லாண்டிக்கின் அலை, மறுபக்கம் அசையாத நீர், இடையில் கற்குவியல்.

மேற்கு முனையில் கற்கள் பட்டாணி அளவில் இருக்கின்றன. கிழக்கே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, போர்ட்லண்டில் உருளைக்கிழங்கு அளவுக்கு வந்துவிடுகின்றன. இருட்டில் கரையேறும் மீனவர்கள், காலடிக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அந்த வட்டாரத்தில் வழிவழியாக வரும் பேச்சு. இவ்வளவு ஒழுங்காக யார் பிரித்து வைத்தது?

அதற்கு முன், கற்கரையில் ஓர் அலை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மணற்கரையில் அலை ஏறுகிறது. மணலின் இடைவெளிகள் மிக நுண்ணியவை என்பதால் நீர் உடனே உள்ளே இறங்க முடியாமல் மேற்பரப்பிலேயே வழிந்து திரும்புகிறது, போகும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மணற்கரை தட்டையாக இருக்கிறது. கற்கரையில் கதை வேறு. ஏறிவந்த நீரில் பெரும்பங்கு கற்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் சடசடவென்று இறங்கிவிடுகிறது. திரும்பிப் போகும் நீருக்குக் கல்லை இழுக்கும் பலம் இல்லை. ஏறிய கல் மேலேயே தங்கிவிடுகிறது. இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் கரை செங்குத்தாக உயர்கிறது. போர்ட்லண்ட் அருகே அது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 14 மீட்டர். புயல் நாட்களில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதும்போது நீர் வடிய நேரமில்லை. அப்போது கற்கள் கீழே இழுபடும். அதே புயலின் மிகப் பெரிய அலைகள் சில கற்களை உச்சிக்கே வீசிவிடும். அந்த உயரத்துக்குச் சாதாரண அலை எட்டாது. எனவே அவை அங்கேயே கிடக்கும்.

இனி அளவு வரிசை. இங்கே வலிமையான அலைகள் தென்மேற்கிலிருந்து, திறந்த அட்லாண்டிக்கிலிருந்து வருகின்றன. அவை கரையில் சாய்வாக மோதுவதால் சிறியது பெரியது என்ற பேதமில்லாமல் எல்லாக் கற்களையும் கிழக்கு நோக்கித் தள்ளும். தென்கிழக்கிலிருந்து வரும் அலைகளுக்கு அந்த வேகம் கிடையாது. அவற்றால் சிறு கற்களை மட்டுமே மேற்கே திருப்பி அனுப்ப முடியும். பெரிய கல் போன இடத்திலேயே நிற்க, சிறிய கல் மட்டும் திரும்புகிறது. நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. இதோடு இன்னொன்றும் உண்டு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏ. பி. கார் என்ற ஆய்வாளர் இந்தக் கரையில் இல்லாத வேற்றுக் கற்களைக் கொண்டுவந்து போட்டு, அவை எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று தேடிப் பார்த்தார். பெரிய கற்களே வேகமாக நகர்ந்தன! சின்னக் கல் மற்றக் கற்களின் சந்துக்குள் விழுந்து ஒளிந்துகொள்கிறது. பெரிய கல்லோ மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் அலையின் அடி முழுவதும் அதன்மேல் விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: கனமான கல் சோம்பிக் கிடக்கும் என்று நாம் எண்ணுவதற்கு நேர்மாறு.

இந்தக் கற்கள் வந்த வழி நீண்டது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை சக்கிமுக்கிக் கல்லும் அதன் உறவான செர்ட்டும். இரண்டுமே சிலிக்கா, எளிதில் தேயாதவை. மென்மையான பாறைகள் பொடியாகிப் போன பிறகும் இவை மிஞ்சின. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது, வெறும் நிலமாகக் கிடந்த, இந்தக் கரைக்கு எதிரே உள்ள லைம் விரிகுடாவின் சரளையை அது தள்ளிக்கொண்டே வந்து இங்கே நிறுத்தியது. மேற்கே மலைச்சரிவுகள் இடிந்து விழுந்ததும் கல் சேர்த்தது. இன்று புதிதாக வந்து சேரும் கல் மிகக் குறைவு. வெஸ்ட் பேயில் கல் அள்ளும் தொழில் 1980-களில் நிறுத்தப்பட்டது. பார்க்க வருவோரும் ஒரு கல்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது. சரியான தடை.

இந்த மேட்டையும் கடல் தாண்டியதுண்டு. 1824 நவம்பர் புயலில் வெள்ளம் காயலைக் கடந்து ஃப்ளீட் கிராமத்துக்குள் புகுந்து, மாதாகோயிலின் பெரும்பகுதியை இடித்தது. பலிபீடப் பகுதி மட்டும் இன்றும் நிற்கிறது.

1979 பிப்ரவரி 13 அன்று நடந்ததை அறிவியலில் ஆர்வமுள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று உள்ளூரில் புயல் இல்லை. தொலைவில், அட்லாண்டிக்கில் எழுந்த நெடிய அலைகள் வந்து சேர்ந்தன. நெடிய அலை ஒவ்வொன்றும் மிகப் பெரிய நீர்த்திரளைச் சுமந்து வரும். அவ்வளவையும் உறிஞ்ச கற்களின் சந்துகளுக்கு இடமில்லை. நீர் உச்சியைத் தாண்டியும், மேட்டின் உள்ளேயே ஊடுருவிப் பின்பக்கம் பீறிட்டும் போர்ட்லண்டில் உள்ள சிஸ்வெல் என்ற ஊரை மூழ்கடித்தது. கரையைக் காக்கும் அதே இடைவெளிகள்தாம் நீருக்கு வழியும் விட்டன. பிறகு அங்கே வெறும் சுவர் எழுப்பினால் போதும் என்று பொறியாளர்கள் விட்டுவிடவில்லை. மேட்டின் உச்சியில் கம்பிக்கூடைகளில் கல் நிரப்பி அடுக்கினார்கள். ஊடுருவும் நீரைப் பிடித்து, ஊருக்குள் போகவிடாமல் போர்ட்லண்ட் துறைமுகப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க மேட்டின் பின்புறம் ஒரு வடிகாலும் கட்டினார்கள்.